ஸ்பானிஷ் படிக்கலாமா அக்கா? சுங்கை சிப்புட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நாலு வருடம் உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தேன். கூட நின்றவர்களில் பாதிப் பேர் கொலம்பியாவும் பெருவும். வெங்காயம் உரித்துக்கொண்டே காதில் விழுந்த மொழிதான் என் ஸ்பானிஷ், இலக்கணமெல்லாம் அப்புறம் புத்தகம் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டது. இப்போது மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், அண்ணனின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் பின்னால் ஐந்தாறு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிற எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) அதே பதிலை எத்தனை தடவை தட்டுவது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். அதில் ஒரு கோளாறும் இருக்கிறது, ஐந்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

இங்க ஸ்பானிஷ் பேச யாருமே இல்ல. படிச்சு என்ன ஆகப்போகுது?

உடனே ஒன்றும் ஆகாது. ஏறக்குறைய 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி, 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் அந்த 50 கோடியில் ஒருவர்கூட நம் பசார் மாலாமுக்கு, அதாவது இரவுச் சந்தைக்கு, வரப்போவதில்லை. என்னிடம் வருபவர்களில் இரண்டு பேர் காற்பந்து ரசிகர்கள், ஆட்டம் முடிந்ததும் வரும் பேட்டியை நேராகப் புரிந்துகொள்ள வேண்டுமாம். ஒரு தம்பி கப்பல் வேலைக்கு முயற்சி செய்கிறான். ஓர் அக்காவுக்குக் காரணமே கிடையாது, பிடித்திருக்கிறது, வருகிறார். ஒழுங்காக வருவது அவர்தான்.

எனக்கு எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சையில ஆங்கிலமே தகராறு. ஆங்கிலம் வராதவங்க ஸ்பானிஷ் படிக்க முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் ஆங்கிலத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது என்பேன். கிடைக்கிற பாடமெல்லாம் ஆங்கிலக்காரர்களுக்காக எழுதியவை. அவர்களுக்கு எது கஷ்டமோ அதைப் பக்கம் பக்கமாக விளக்குவார்கள், நமக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். நமக்கு இடிக்கிற இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

தமிழும் மலாயும் தெரிந்தவருக்கு வேறு வழி இருக்கிறது. வினைச்சொல்லுக்குத் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர்ச்சொல் அடுக்குவதற்கு மலாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலாயில் 'பாஜு மேரா' என்று சட்டையை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொல்கிறோமே, ஸ்பானிஷிலும் 'கமீசா ரோஹா', சட்டை முதலில், சிவப்பு அப்புறம். 'டி ரூமா' என்றால் வீட்டில். அங்கே 'என் காசா'. தமிழில் வீட்டுக்குப் பின்னால் ஒட்டுகிற 'இல்' அங்கே முன்னால் வருகிறது, மலாய் பேசுகிற நாக்குக்கு அது பழக்கம்தான்.

ஏற்கெனவே நமக்குத் தெரிஞ்ச சொல் ஏதாச்சும் இருக்கா?

நிறைய. 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்களே போர்ச்சுகீசியர்கள், அவர்கள் மொழி ஸ்பானிஷுக்குக் கூடப்பிறந்த தங்கை மாதிரி. அவர்கள் இங்கேயும் தமிழ்க் கரையிலும் விட்டுப்போன சொற்களை நாம் தினமும் புழங்குகிறோம். மேசை, அங்கே மேசா. சப்பாத்து (காலணி), சபாத்தோ. அலமாரி, அர்மாரியோ. சாவி கொஞ்சம் உருமாறி யாவே. மேஸ்திரி என்கிறோமே, அது மாயெஸ்த்ரோ, ஆசிரியர், கைதேர்ந்தவர். மலாய்ப் பக்கம் பார்த்தால் கெமெஜா (சட்டை) கமீசா ஆகிறது, பெண்டேரா (கொடி) பந்தேரா ஆகிறது, கேஜு (பாலாடைக்கட்டி) கேசோ ஆகிறது, மிங்கு என்பது தொமிங்கோ, ஞாயிற்றுக்கிழமை. எதிர்த் திசையிலும் போயிருக்கிறது: நம் மாங்காய்தான் அவர்களுடைய மாங்கோ. நாரத்தையின் உறவுக்காரச் சொல் ஒன்று பாரசீகம், அரபி என்று சுற்றிப்போய் நரான்ஹா ஆகி ஆரஞ்சைக் குறிக்கிறது.

ஆனால் தங்கை வேறு, அக்கா வேறு. ஜன்னல் போர்ச்சுகீசியம்தான், ஸ்பானிஷில் அது வெந்தானா. மலாய் கார்புவும் அப்படித்தான், முள்கரண்டிக்கு ஸ்பானிஷில் தெனெதோர். ஊகித்துப் பாருங்கள், ஊகித்ததை அகராதியில் ஒரு தடவை பார்த்தும் விடுங்கள்.

நாக்கை உருட்டணுமாமே? உச்சரிப்பு ரொம்பக் கஷ்டமா?

நமக்கு உச்சரிப்புதான் லாபம். 'அது' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பந்து' என்று சொல்லுங்கள். ஒரே எழுத்து, 'அது'வில் நாக்கு பல்லை லேசாக உரசிக்கொண்டு போகிறது, 'பந்து'வில் அழுத்தி நிற்கிறது. ஸ்பானிஷும் அச்சு அசலாக இதையே செய்கிறது: 'நாதா' என்றால் ஒன்றுமில்லை, அதில் 'அது'வின் ஒலி. 'தோந்தே' என்றால் எங்கே, அதன் நடுவில் 'பந்து'வின் ஒலி. ஞ அப்படியே இருக்கிறது, 'மஞானா' என்றால் நாளை. ஆங்கிலக்காரர்கள் மாதக் கணக்கில் பயிற்சி செய்கிற விஷயம் இது. எச் எழுத்து ஊமை, அதனால்தான் 'ஹோலா' இல்லை, 'ஓலா'. ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், வி (v) எழுத்தைப் பார்த்தாலும் பி (b) மாதிரியே சொல்ல வேண்டும்.

உருட்டல் உண்மைதான். 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய். முதலாவது நம்முடைய சாதாரண ர. இரண்டாவதற்குப் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தத்தை நாக்கு நுனியில் வரவழைக்க வேண்டும். ஏட்டில் நமக்கும் ர, ற என்று இரண்டு இருக்கிறது, பேச்சில் யார் பிரித்துச் சொல்கிறோம்? எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது. வராவிட்டாலும் ஆனால் எது நாய் எது என்பது இடத்தை வைத்து அவர்களுக்கே புரியும்.

நமக்கு உண்மையில் இடிப்பது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. அங்கே மாறும். 'பாபா' என்று முன்னால் அழுத்தினால் தென் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, கடைசியில் அழுத்தினால் அப்பா. விதி சின்னதுதான்: சொல் உயிரெழுத்திலோ ன், ஸ் ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம், மற்றதில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறுகிற சொல்லுக்கு எழுத்தின் மேலேயே ஒரு சாய்ந்த கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள்.

தமிழ் எழுத்திலயே எழுதிவச்சுப் படிக்கலாமா?

முதல் வாரம் மட்டும். பினாங்கின் ப (p) வேறு, பத்து காஜாவின் ப (b) வேறு, தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஊர்ப்பெயர் பழகியதால் நமக்குக் குழப்பமில்லை, புதுச் சொல்லில் மாட்டிக்கொள்வோம்.

நான் மாட்டிக்கொண்டேன். கப்பலுக்குப் போன புதிதில் எல்லாவற்றையும் சட்டைப்பை நோட்டில் தமிழில் குறித்துக்கொள்வேன். கொலம்பியக் காசுக்குப் பேசோ, பினாங்கின் ப. ஞாபகார்த்தமாக ஒரு காசு வைத்துக்கொள்ளலாமே என்று கூட வேலை பார்த்த பெரியவரிடம் போய், நோட்டைப் பார்த்துக்கொண்டே, பத்து காஜாவின் ப போட்டு 'தாமே உன் பேசோ' என்று கேட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் 'ஒரு முத்தம் கொடு' என்று அர்த்தம். சமையலறையே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. பெரியவர் ரொம்ப மரியாதையாகக் காசை எடுத்து என் கையில் வைத்தார். தோஸ் என்பதிலும் இதே வம்பு, ஒரு த-வுக்கு இரண்டு, இன்னொரு த-வுக்கு இருமல். ரூமி எழுத்துக்கு மாறிவிடுங்கள். மலாய் படிக்கத் தெரிந்தால் அதில் முக்கால்வாசி படிக்கலாம்.

ஸ்பெயின் ஸ்பானிஷா, தென் அமெரிக்கா ஸ்பானிஷா?

எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடியுங்கள். யாழ்ப்பாணத் தமிழ், நம்ம தமிழ் மாதிரி, ஒருவருக்கொருவர் புரியும். ஸ்பெயினில் பெரும்பாலும் சபாத்தோவின் முதல் எழுத்தை நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்வார்கள், அமெரிக்கக் கண்டத்தில் ஸ போதும். நான் சொல்லிக் கொடுப்பது கொலம்பியா, பெரு பக்கம், எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதல் வாரம் என்னதான் படிக்கிறது?

ஓலா, கிராசியாஸ், போர் ஃபவோர் மூன்றும் வணக்கம், நன்றி, தயவுசெய்து. அதற்கப்புறம் 'ஆய்'. 'இருக்கிறது' என்கிற மலாய் 'அடா'வை அப்படியே அதில் போடலாம். 'கோப்பி அடா?' என்று கேட்கிற இடத்தில் 'ஆய் கஃபே?'. 'தோந்தே எஸ்தா' என்றால் எங்கே இருக்கிறது. 'குவாந்தோ குவெஸ்தா' என்றால் என்ன விலை. ஒன்றிலிருந்து இருபது வரை எண்கள். இவ்வளவும் கைவசம் இருந்தால் எந்த ஊர்ச் சந்தையிலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

மேசை எப்படிக்கா பொம்பளை ஆச்சு?

தமிழில் மேசை அஃறிணை, கதை முடிந்தது. மலாயில் அந்தப் பேச்சே இல்லை. ஸ்பானிஷில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண் இல்லையென்றால் பெண், அதற்கேற்ப முன்னால் எல் அல்லது லா வரும். மேசைக்குள் பெண்மையைத் தேடாதீர்கள், இது சொல்லின் குணம், பொருளின் குணம் இல்லை. ஓ-வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண். கை மட்டும் 'லா மானோ', நாள் 'எல் தியா', பிரச்சினை 'எல் ப்ரொப்லேமா', இப்படிச் சில முரண்டு பிடிக்கும். மேசா என்று தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். 'லா மேசா' என்று ஒரே சொல்லாகவே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வினைச்சொல்லுக்கு ஆறு வடிவமா? மனப்பாடம் பண்ணியே செத்துருவேன்

தமிழில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறார்கள் என்று இரண்டு வயதிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? இங்கே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லான். ஆறாவது ஒன்று ஸ்பெயினில் மட்டும் புழங்குவது, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடைசி அசையே யார் பேசுவது என்று சொல்லிவிடுவதால், 'வந்தேன்' என்றால் போதும், 'நான் வந்தேன்' தேவையில்லை என்பது போல, அங்கேயும் நான், நீ எல்லாம் விழுந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று நான்-ஐப் போட்டுப் பேசினால் மேடையில் பேசுகிறவர் மாதிரி இருக்கும்.

நாலாம் கேள்வியில் சொன்ன அழுத்தம் இங்கே காசு கேட்கும். ஆப்லோவில் முன்பக்கம் அழுத்தினால் 'பேசுகிறேன்', பின்பக்கம் அழுத்தினால் 'அவர் பேசினார்'.

நீ, நீங்க வித்தியாசம் உண்டா?

உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். உஸ்தேத் வந்தால் வினை 'அவர்' வடிவத்துக்குப் போய்விடும், 'ஐயா என்ன சாப்பிடுகிறார்?' என்று எதிரில் நிற்பவரிடமே கேட்கிற மாதிரி. பல பேர் என்றால் உஸ்தேதெஸ். கொலம்பியாவில் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத்தான், புருஷன் பெண்சாதிகூட. சந்தேகமாக இருந்தால் உஸ்தேத் போடுங்கள், மரியாதை கொடுத்து யாரும் கெட்டுப்போனதில்லை.

'மே குஸ்தா'வை ஆப்ல எவ்வளவு பார்த்தும் புரியல. 'நான் விரும்புகிறேன்'னு ஏன் நேரா சொல்ல மாட்டாங்க?

நீங்கள் நேராகச் சொல்வீர்களா? தே தாரேயை (இழுத்து ஆற்றும் தேநீர்) பற்றி யாராவது 'நான் தே தாரேயை விரும்புகிறேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'எனக்குத் தே தாரே பிடிக்கும்' என்போம். 'மே' என்றால் எனக்கு. 'குஸ்தா' என்றால் பிடிக்கும். தீர்ந்தது. ஆங்கிலம் வழியாகப் போனதால்தான் சிக்கல். 'மே துயேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது, சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், பிடித்த பொருள் பன்மையானால் குஸ்தா குஸ்தான் ஆகும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'.

ஆனால் பசியில் இந்தத் தந்திரம் செல்லாது. 'எனக்குப் பசி'க்கு அவர்கள் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார்கள், 'பசி வைத்திருக்கிறேன்' என்று.

செர், எஸ்தார் ரெண்டுமே 'இருக்கு'தானே? எப்ப எதைப் போடறது?

புத்தகத்தில் நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று இருக்கும். அதை நம்பிப் போனால் முதல் சாவு வீட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள், இறந்துவிட்டார் என்பதற்கு எஸ்தார்தான் வரும், 'எஸ்தா முயேர்தோ'. அதைவிட நிரந்தரம் என்ன இருக்கிறது?

நான் சொல்லித் தருவது வேறு. தமிழில் வினையே இல்லாமல் முடிகிற வாக்கியமா? அப்படியானால் செர். 'அவர் ஆசிரியர்', 'நாங்கள் மலேசியர்கள்', 'இது மரம்'. தமிழில் 'இருக்கிறது' என்று இடத்தையோ அப்போதைய நிலையையோ சொல்கிறோமா? எஸ்தார். 'அம்மா கடையில் இருக்கிறார்', 'சூப் சூடாக இருக்கிறது'. முக்கால்வாசி இடத்தில் இது போதும். கால்வாசியில் காலை வாரும்: 'வீடு பெரிதாக இருக்கிறது', 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் செர் போடுவார்கள், ஏனென்றால் அது அந்த வீட்டின், அந்த ஆளின் இயல்பு. அப்புறம் கல்யாணம் எங்கே என்றால் 'மண்டபத்தில்', அதற்கும் செர், நிகழ்ச்சி நடக்கும் இடம் என்பதால். மண்டபம் எங்கே என்றால் எஸ்தார்.

'அம்மாவைப் பார்க்கிறேன்'க்கு 'ஆ' போடுறாங்க, 'படம் பார்க்கிறேன்'க்குப் போடல. ஏன்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, மறுபடி படித்துப் பாருங்கள். 'அம்மாவை' என்று ஐ போட்டீர்கள், 'படம்' என்று சும்மா விட்டீர்கள். 'அம்மா பார்க்கிறேன்' என்று உங்களால் சொல்லவே முடியாது. ஸ்பானிஷில் 'வேயோ ஆ மி மமா', ஆனால் 'வேயோ ஊனா பெலீகுலா'. அந்த 'ஆ' நம்முடைய ஐ. வளர்க்கும் நாய்க்கும் போடுவார்கள், பிள்ளை மாதிரி.

இன்னும் இருக்கிறது. 'மாப்பிள்ளை தேடுகிறோம்' என்றால் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், யார் என்று இன்னும் தெரியாது. 'மாப்பிள்ளையைத் தேடுகிறோம்' என்றால் முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம். ஸ்பானிஷிலும் அதே கதை: 'புஸ்காமோஸ் நோவியோ', 'புஸ்காமோஸ் ஆல் நோவியோ'. இந்த ஓர் எழுத்துக்கு ஆங்கிலப் புத்தகம் இரண்டு பக்கம் விளக்கம் எழுதும். ஆனால் 'தெங்கோ'வுக்குப் பின்னால் பொதுவாக ஆ வராது: 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்', எனக்கு இரண்டு அண்ணன் தம்பி.

மலாய் மாதிரியே இருக்கிற சொல்லையெல்லாம் நம்பலாமா?

மூன்றாம் கேள்வியில் சொன்ன எச்சரிக்கையை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். பாகார் மலாயில் வேலி, அங்கே பணம் கட்டுவது. கூலா இங்கே சீனி, அங்கே பெருந்தீனி, ஏதோ ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்கிறது. ராத்தா இங்கே சமம், அங்கே எலி. மாத்தா இங்கே கண், அங்கே 'கொல்கிறான்'. சிந்தா இங்கே காதல், அங்கே வெறும் நாடா. ஆயர் தாவார் என்ற ஊர்ப்பெயரில் வருகிற ஆயர் (தண்ணீர்), ரூமியில் பழைய எழுத்துப்படி பார்த்தால் அங்கே 'நேற்று'. நாம் கைப்பேசியில் ரூமியில் போடா என்று தட்டுகிறோமே, அந்த நாலு எழுத்துக்கு ஸ்பானிஷில் கவாத்து, கிளை கழிப்பது. தோட்டத்து ஆட்களுக்கு மறக்காது.

ஆப் மட்டும் போதுமா? எவ்வளவு நாள் ஆகும்?

ஆப் சொல் சேர்க்கும், வாயைத் திறக்க வைக்காது. அமெரிக்க அரசு தன் தூதரக ஆட்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது, அது வேலையே பார்க்கிற அளவுக்கு. அடிப்படைக்கு அவ்வளவு வேண்டாம். தினம் அரை மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தவர்கள் ஆறு மாதத்தில் தன்னைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, வாங்கல் விற்றலைப் பற்றிப் பேசியதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கள் திங்கட்கிழமை மறந்தார்கள்.

சான்றிதழ் வாங்கினா வேலை கிடைக்குமா?

தேலே என்ற தேர்வு இருக்கிறது, ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை, ஒரு தடவை வாங்கினால் காலாவதி கிடையாது. ஆனால் ஏ1-ஐக் காட்டினால் யாரும் நாற்காலி போட மாட்டார்கள். ஸ்பானிஷ் கேட்கிற வேலைகள் தொலைபேசியில் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கிற அளவுக்குக் கேட்கும், பி2-க்கு மேல். கடன் வாங்கி விலை கூடின வகுப்பில் சேர வேண்டாம் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். முதலில் ஆறு மாதம் இலவசமாகப் படித்துப் பார்க்கட்டும்.

பேசிப் பழக ஆளே இல்லையே. பிலிப்பைன்ஸ்காரங்ககிட்டப் பேசலாமா?

1565-லிருந்து 1898 வரை ஸ்பெயின் ஆண்ட நாடு, மேசை அவர்களுக்கும் மேசாதான், மணி சொல்வதும் ஸ்பானிஷ் எண்ணில்தான். ஆனால் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், சொற்கள் தங்கிவிட்டன, மொழி பெரும்பாலும் போய்விட்டது.

நான் கடையில் சில்லறை எண்ணுவது ஸ்பானிஷில். வாய்விட்டு. முதலில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது பக்கத்து லயத்துப் பொடியன்கள் எனக்கு முன்னால் எண்ணிவிடுகிறார்கள்.

ரப்பருக்கு அங்க என்னடி பேரு?

இது அம்மா கேட்டது. முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், வகுப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். காவ்ச்சோ என்றேன், தென் அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வந்த சொல். மரமே அந்தப் பக்கத்து மரம்தான் அம்மா, 1876-இல் பிரேசில் காட்டிலிருந்து விதையைக் கப்பலேற்றி லண்டனில் முளைக்கவைத்து, அடுத்த வருடம் சிங்கப்பூருக்கும், இதோ இருக்கிற கோலகங்சாருக்கும் கன்றாகக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். அதெல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"வெட்டுறதுக்கு?" என்றார். சாங்கிரியா என்றேன், உடம்பிலிருந்து இரத்தம் எடுப்பதற்கும் அதே சொல்தான். கொஞ்ச நேரம் பாக்கை மென்றார். "சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார்.